கரமனையில் ஒரு சட்டாம்பிள்ளை

பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். படிப்பு தொடர்பான இருபது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, வாக்கியத்தில் அமைத்துக்கொண்டு வரவேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான் என்பதால் ஒரு வீட்டுப் பாடம் இரண்டு வீட்டுக்குக் கேட்கும். பியூபில், ரிசைட், ஸ்லேட், அஷர் என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவன், மானிட்டர் என்ற சொல்லுக்கு எதிரே 'கம்ப்யூட்டர் ஸ்கிரீன்' என்று எழுதினான். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவன் பாட்டி கையை உதறிக்கொண்டு வந்தார்.

"அதில்லேடா. மானிட்டர்னா சட்டாம்பிள்ளை."

பையன் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "சட்டம்பியா? சட்டம்பின்னா ரவுடின்னல்லோ பாட்டி அர்த்தம்!"

இரண்டு பேர் சொன்னதும் சரி. வீட்டுக்குள் தமிழும் வாசல் தாண்டினால் மலையாளமுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற திருவனந்தபுரத்துக் கரமனைத் தெருக்களில் இப்படி ஒரே சொல் இரண்டு முகம் காட்டுவது புதிதல்ல. பாட்டியின் சட்டாம்பிள்ளை வகுப்பின் தலைமாணவன். பையனின் சட்டம்பி சந்தையில் கைகலப்பு செய்கிற முரடன். மம்மூட்டி நடித்து 2009இல் வந்த 'சட்டம்பிநாடு' என்ற படத்தின் தலைப்பில் இருப்பவன். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'பிள்ளை' என்பதைத் தேய்த்து 'பி' என்று நிறுத்திக்கொண்டது மலையாளம், அவ்வளவுதான். சட்டம்பித்தரம் என்றால் அங்கே அடாவடி. தமிழிலும் சட்டாம்பிள்ளைத்தனம் என்றால் பாராட்டில்லை. யாரும் கேட்காமலே அதிகாரம் செலுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுத்த பெயர் எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று அன்று பிடித்த கேள்வி என்னை விடவில்லை.

முதலில் அந்தப் பிள்ளை செய்த வேலையைப் பார்க்கவேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்; பிள்ளைகள் முப்பது நாற்பது பேர்; ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியில் இருப்பார்கள். ஒருவன் அரிச்சுவடி, ஒருவன் எண்சுவடி, ஒருவன் நிகண்டு. இன்றுபோல் வயதுக்கு ஒரு வகுப்பு என்ற ஏற்பாடு கிடையாது. வாத்தியார் மேல்படியில் இருப்பவர்களுக்குப் பாடம் சொல்வார். அவர்கள் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். இதையெல்லாம் நடத்திச் செல்பவன் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன்தான் வாத்தியார். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலப் பள்ளியை விவரிக்கும்போது இந்தப் பதவியின் செல்வாக்கையும் சொல்லாமல் விடவில்லை.

அங்கே முதல் பாடமான மணல் எழுத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆற்று மணலைச் சலித்துத் தரையில் கொட்டி உள்ளங்கையால் தட்டி நிரவுவார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தை சம்மணமிட்டு உட்காரும். பின்னால் மண்டியிட்டு, அதன் ஆள்காட்டி விரலைத் தன் விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, 'அ'வின் சுழியில் தொடங்கிக் கீழே வளைத்து, குறுக்கே இழுத்து, நேர்க்கோட்டில் இறக்கிவிடுவான் மூத்த பையன். வாய் 'ஆனா' என்று சொல்லும், விரல் எழுதும், மணல் கீறிக்கொள்ளும் சத்தம் காதில் விழும். தப்பாகப் போனால் ஒரு தடவலில் எல்லாம் அழிந்து மறுபடி புதுப் பலகை. ஏடும் எழுத்தாணியும் பிறகுதான். விரல் பிடித்த அந்தப் பையனே இரண்டு வருஷம் முன்பு இதே மணலில் இதே எழுத்துக்குத் தடுமாறியவன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை எங்கே தட்டுத்தடுமாறும் என்பது வாத்தியாரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். விஜயதசமியன்று பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்தில் தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறார்களே, அது அந்த மணலின் மிச்சம். மற்ற நாட்களின் மணல் போய்விட்டது. ஒரு நாளுக்கு அரிசி நிற்கிறது.

இனி பெயருக்கு வருவோம். சட்டம் என்றால் ஒழுங்கு, விதி. அந்த ஒழுங்கைக் காப்பவன் சட்டாம்பிள்ளை என்பது பலரும் சொல்லும் விளக்கம். சட்டத்துக்கு வேறு பொருள்களும் உண்டு. மரச்சட்டம் சட்டம்தான், எழுதுவதற்காக வாரிச் செப்பம் செய்த பனையோலைக்கும் அதே பெயர். ஓலையோடு வாழ்ந்த பள்ளிக்கூடத்தில் இந்தப் பொருளும் சேர்ந்தே ஒலித்திருக்கும். ஆனால் என் மனம் சாய்வது மூன்றாவது பக்கம். அதற்கு ஆதாரம் கரமனையிலிருந்து தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறைக்குப் பக்கத்திலுள்ள பார்த்திபசேகரபுரத்தில் இருக்கிறது.

கி.பி. 866ஆம் ஆண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் வாங்கி அங்கே ஒரு விஷ்ணு கோயில் கட்டி, கோயிலோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் இங்கே படிப்பதற்கும் உண்பதற்கும் உறைவதற்குமான இடம். தமிழில் வட்டெழுத்தில் எழுதிய செப்பேடு அதன் விதிகளைச் சொல்கிறது. 95 பேருக்கு இடம். வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று பங்கு. அந்த 95 பேரைச் செப்பேடு அழைக்கும் பெயர் 'சட்டர்'. மாணவனுக்கு வடமொழியில் வழங்கும் சாத்ர என்ற சொல் தமிழ் வாயில் இப்படி ஆனது என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அந்த வடசொல்லும் சுவையானது. குடைக்குச் சத்திரம் என்று பெயர். ஆசிரியரின் குறை வெளியே தெரியாமல் குடைபோல மறைத்துக் காப்பதால் மாணவனுக்கு அந்தப் பெயர் என்று பாணினிக்கு உரை செய்த காசிகை விளக்கம் தருகிறது.

சட்டர் என்ற பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பக்கத்து மண்ணில் புழங்கியிருக்க, அவர்களில் முன்நிற்பவன் சட்டாம்பிள்ளை ஆனான் என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பின்னால் வந்தவர்கள் சட்டர் என்பதை மறந்து சட்டம் என்று கேட்டிருப்பார்கள். அதிகாரியின் வாசனை பெயருக்குள் நுழைந்தது அங்கேதான்.

பார்த்திபசேகரபுரத்துச் சாலை காந்தளூர்ச் சாலையின் முறைப்படி நடக்கவேண்டும் என்று அந்தச் செப்பேடு சொல்கிறது. முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் அதே காந்தளூர்ச் சாலைதான். அது இருந்த இடம் திருவனந்தபுரத்து வலியசாலை என்று கொள்வோர் பலர்; அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து கிள்ளிப்பாலம் தாண்டி நடந்தால் கோயில் வாசல். அங்கே ஒரு மாலை நின்றபோது, பொருள் தெரியாத சொல்லைத் தேடி எங்கெங்கோ போனவன் அதன் பிறந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதுபோல இருந்தது.

இதே செப்பேட்டில் இன்னொரு செய்தி. சட்டர் கடுஞ்சொல் பேசினால் தண்டம் கட்டவேண்டும். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. நடக்காத ஒன்றைத் தடுத்து யாரும் விதி எழுதமாட்டார்கள். படிக்க வந்தவர்களில் வாளும் கையுமாகத் திரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். இந்தச் சட்டர் போர்ப்பயிற்சியும் உள்ளவர்கள் என்று வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் விரித்து எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன ரவுடிக்கு அன்றே வித்து விழுந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, மானிட்டர் எங்கிருந்து வந்தார்?

1789இல் சென்னை எழும்பூரில் ஒரு அநாதைப் பள்ளி திறந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கு இந்தியப் பெண்களிடம் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753இல் பிறந்தவர். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மலபார் என்றதும் கேரளத்தை நினைத்துவிடக்கூடாது. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள். பெல் பார்த்தது ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடம். மலையாளமும் தமிழும் பிரிந்து கிடக்கிற இந்தக் கதையில் அந்தப் பெயர்க்குழப்பமும் ஒரு பாத்திரம்தான்.

அவர் திரும்பிப் போய்த் தம் பள்ளியிலும் கடைசி வகுப்புக்கு மணலைப் பரப்பச் சொன்னார். துணையாசிரியர்கள் இது நடக்காது என்று கைவிரித்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் அஷர் என்று பெயர். மூலத்தில் அது வாசல் காப்பவனைக் குறித்த சொல். பையனின் பட்டியலில் இருக்கும் அதே அஷர். பெல் அவர்களை விட்டுவிட்டு, எழுத்து தெரிந்த எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். சிப்பாய் மகன், பெயர் ஜான் ஃபிரிஸ்கன். அவன் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். பெரியவர்கள் முடியாது என்றதைச் சின்னவன் செய்து காட்டினான். எழும்பூரில் சட்டாம்பிள்ளை பிறந்தது அப்படித்தான். நம் ஊரில் அவன் ஏற்கெனவே முதிர்ந்திருந்தான்.

பெல் மட்டும் பார்த்தார் என்றில்லை. அவருக்கு நூற்றறுபது ஆண்டுக்கு முன்பு, 1623இல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் நாலு சிறுவர்கள் மணலில் எழுதிப் பாடிக் கணக்குப் படிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். தப்பினால் யார் திருத்துவார் என்று கேட்டால், ஒருவனுக்கு ஒருவன். வழிப்போக்கன் கண்ணில் படுகிற அளவுக்கு அது இங்கே சாதாரணமாக நடந்திருக்கிறது.

பெல் 1796இல் சீமைக்குத் திரும்பினார். சென்னைப் பள்ளியில் செய்த சோதனையைப் பற்றிய அவருடைய சிறுநூல் 1797இல் லண்டனில் வெளிவந்தது. அந்த முறைக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர் 'மெட்ராஸ் சிஸ்டம்'. இதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மூத்த பிள்ளைகளை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். யார் முதல் என்று இருவர் பக்கமும் பெரிய சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. ஆனால் சொல் விஷயத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. பெல் தம் பிள்ளைகளை 'டியூட்டர்' என்றும் உதவியாளர் என்றும் அழைத்தார். லங்காஸ்டர்தான் 'மானிட்டர்' என்றார். முதல் சொல் கற்பிப்பவனைக் குறிக்கும். இரண்டாவது லத்தீனிலிருந்து வந்தது. எச்சரிப்பவன், நினைவூட்டுபவன் என்று பொருள். பெல்லுக்கு முன்பே ஆங்கிலப் பள்ளிகளில் ஒழுங்கு பார்க்கும் மாணவனுக்கு அந்தப் பெயர் இருந்தது. உடும்புக்கு ஆங்கிலத்தில் மானிட்டர் என்று பெயர் வைத்ததும், முதலை வருவதை அது எச்சரிக்கும் என்று நம்பியதால்தான். கவனித்துக்கொண்டே இருக்கும் திரைக்கு அந்தப் பெயர் போனதும் அதே வழி. ஆகவே பையன் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரீனும் முழுக்கத் தப்பில்லை.

ஆங்கிலத்தில் நிலைத்தது கற்பிக்கும் சொல் அல்ல, கண்காணிக்கும் சொல். பெயர் எதை அழுத்துகிறதோ அந்தப் பக்கம் காரியமும் சாய்ந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவதுதான் மானிட்டர் வேலை என்று எத்தனை தலைமுறை வளர்ந்துவிட்டது. நானும் அப்படி எழுதியவன். ஒரு பெயரை எழுதினேனே தவிர, அந்தப் பெயர்க்காரனுக்குப் புரியாத பின்னக் கணக்கு எனக்குப் புரிந்திருந்தும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடு என்று சொல்லவும் இல்லை.

1814 ஜூன் 3ஆம் தேதி கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவுக்கு எழுதிய கடிதத்தில், கிராமத்து வாத்தியார்களின் முறையையே பெல் மூலமாக இங்கிலாந்து எடுத்துக்கொண்டது என்று ஒப்புக்கொண்டார்கள். எட்டு ஆண்டு கழித்துச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் வந்த கணக்கு 12,498 பள்ளிகள். அத்தனையிலும் ஏதோ ஒரு பெயரில் ஒரு சட்டாம்பிள்ளை இருந்திருப்பான். பிறகு வயதுவாரி வகுப்பு, மணி, பெஞ்சு, பரீட்சை எல்லாம் வந்தன. திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. வகுப்புக்கு ஒரு வாத்தியார் வந்தபின் கற்பிக்கும் பிள்ளைக்கு வேலை போயிற்று. அதிகாரம் மட்டும் கையில் மிஞ்சியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் திறந்த பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் அந்தப் பெயருள்ள சீருடையோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

சொல் தாழ்ந்துபோன கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த நகரத்திலேயே அதைத் தலைமேல் தூக்கிவைத்த ஒருவர் பிறந்தார். 1853இல் கண்ணம்மூலையை அடுத்த கொல்லூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அய்யப்பனை வீட்டில் குஞ்ஞன் என்று அழைத்தார்கள். பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் நடத்திய பள்ளியில் சேர்ந்தபோது அவர் வயதில் மூத்தவர், அறிவில் முன்நிற்பவர். ஆசான் அவரைச் சட்டம்பி ஆக்கினார். அந்தப் பதவிப்பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் கேரளத்தின் பெரும் சீர்திருத்தத் துறவியாக, வேதம் படிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்று வாதாடி நூல் எழுதியவராக உயர்ந்தபோதும், உலகம் அவரைச் சட்டம்பி சுவாமிகள் என்றே வணங்கியது. 1924இல் பன்மனையில் சமாதியடையும்வரை அந்தப் பெயர்தான். வகுப்பில் சின்னவர்களுக்குப் பாடம் சொன்ன வேலையை ஒரு துறவி தம் பெயரில் கடைசிவரை சுமந்தது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தமிழும் நெருக்கம். சுவாமிநாத தேசிகரிடம் தமிழ் கற்றார். கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளோடு தங்கிச் சாத்திரங்கள் படித்தார். பேட்டையில் ஆசான் கூட்டிய ஞானப் பிரஜாகரம் என்ற சபையில் 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளையும் தைக்காட்டு அய்யாவும் இருந்தார்கள்.

இளமையில் வறுமை தாங்காமல், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அரசுச் செயலகக் கட்டடத்துக்கு மண் சுமந்தார் குஞ்ஞன். அந்தக் கட்டடத்துக்கு அப்போது ஹஜூர் கச்சேரி என்று பெயர். கருநந்தடக்கன் செப்பேட்டை ஆய்வாளர்கள் 'ஹஜூர் ஆபீஸ் செப்பேடு' என்று குறிப்பிடுவதும் அது அந்த அலுவலகத்தின் காப்பில் இருந்ததால்தான். சட்டர் என்ற சொல்லைத் தாங்கிய செம்பும், சட்டம்பி என்று பெயர்பெறப்போகிற பையன் சுமந்த மண்ணும் ஒரே கச்சேரியோடு சேர்ந்தவை. இதைக் கண்டுகொண்ட அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கடல் தாண்டினால் சொல்லுக்கு இன்னொரு வாழ்வு. யாழ்ப்பாணத்தில் சட்டம்பியார் என்றால் பள்ளி ஆசிரியர். ஊரில் வைத்தியம் பார்ப்பவர் பரிகாரியார், பாடம் சொல்பவர் சட்டம்பியார். பழைய தலைமுறை இன்னும் அப்படித்தான் சொல்லும். 'ஆர்' விகுதி மரியாதைக்கு. தமிழ்நாட்டில் சட்டாம்பிள்ளை வீண் அதிகாரம் செய்பவனாகவும், கேரளத்தில் சட்டம்பி ரவுடியாகவும் ஆனபோது, யாழ்ப்பாணம் அந்தச் சொல்லில் கற்பிக்கும் பாதியைப் பிடித்துவைத்துக்கொண்டது. மூன்றில் எது மூலத்துக்குக் கிட்டே என்று கேட்டால் நான் யாழ்ப்பாணத்தின் பக்கம் நிற்பேன்.

இதையெல்லாம் அன்று மாலை அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. பாதிக்கு மேல் எனக்கே அப்போது தெரியாது. பாட்டி அரிசியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா டியூஷன் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டை இழுத்துப் பார்த்தாள்.

"இதென்னடா ஸ்கிரீன்னு எழுதியிருக்கே? கிளாஸ் லீடரைச் சொல்றாடா."

"பாட்டி ரவுடிங்கறா."

"ரவுடியும் இல்லே ஒண்ணும் இல்லே. அழி. 'ரிசைட்'ல 'ஐ' எங்கே வரும், சொல்லு பாக்கலாம்."

அவன் ரப்பரைத் தேடினான். அவள் அவன் விரலைப் பிடித்துத் திண்ணைத் தூசியில் எழுத்து எழுத்தாக இழுத்துக் காட்ட ஆரம்பித்தாள்.